வல்லத்துப் பிள்ளையின் அசமன்பாடு

1931-ஆம் ஆண்டு வெளியான இந்தியக் கணிதச் சங்கத்தின் ஆய்விதழ், 19-ஆம் தொகுதி. முதல் பக்கத்தில் தொடங்கிப் பதினோராம் பக்கத்தில் முடிகிற ஒரு கட்டுரை அதில் இருக்கிறது. அதன் தலைப்பே ஓர் அசமன்பாடு. ஓர் எண்ணின் அடுக்கிலிருந்து இன்னோர் எண்ணின் அடுக்கைக் கழிக்கிறோம். வருகிற விடை பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், நாம் சொல்லும் எல்லையைத் தாண்டவும் கூடாது. அப்படி எத்தனை ஜோடிகள் கிடைக்கும் என்பது கேள்வி. எழுதியவர் எஸ். எஸ். பிள்ளை. முழுப் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. பிறந்தது குற்றாலத்தை அடுத்த வல்லத்தில்.

பெயரைக் கேட்டதுமே எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சங்கரன்கோவில் ஞாபகம் வந்துவிடும். அங்கே சாமி சங்கரநாராயணர், அம்பாள் கோமதி. பிள்ளையின் தாயார் பெயரும் கோமதி அம்மாள்தான்.

நான் தென்காசிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிளஸ் ஒன் பாடத்தில் இருபடி அசமன்பாடு வருகிற சமயம் பெரும்பாலும் ஜூலை மாதமாக இருக்கும். வெளியே சாரல் விழும். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்ற தகவல் எப்படியோ வகுப்புக்குள் வந்து சேர்ந்திருக்கும். கடைசி பெஞ்சில் ஆளிருக்காது. இருக்கிற பயல்களுக்கும் அந்தப் பாடம் பிடிக்காது. இருபடிச் சமன்பாடு என்றால் அவர்களுக்குக் கவலையில்லை. சூத்திரம் இருக்கிறது, எண்ணைப் போட்டால் விடை விழுந்துவிடும். சமன் குறியை அழித்துவிட்டு அங்கே 'சிறிது' குறியைப் போட்டேனோ, வகுப்பு அமைதியாகிவிடும். ஓர் எண்ணின் வர்க்கம் 9-ஐவிடச் சிறிது என்றால், எண் 3-ஐவிடச் சிறிது என்று ஒரே வரியில் எழுதிப் பேனாவை மூடிவிடுவான். "மைனஸ் அஞ்சும் மூணைவிடச் சின்னதுதானல? அதோட வர்க்கம் இருபத்தஞ்சாச்சே?" என்றால் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான்.

இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் குரங்கு. குற்றாலத்துக்காரனுக்குக் குரங்கைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பாஸ்கராச்சாரியார் எழுதிய பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு உண்டு. ஒரு கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கு எதுவோ, அதன் வர்க்கத்துக்குச் சமமான குரங்குகள் காட்டில் குதித்துக்கொண்டிருக்கின்றன, மீதி 12 குரங்குகள் குன்றின் மேல் இருக்கின்றன, கூட்டம் எவ்வளவு? விடை 16 அல்லது 48. இரண்டுமே சரி.

இதையே கொஞ்சம் திருப்பிக் கேட்பேன். காட்டில் குதிப்பதும் குன்றில் இருப்பதும் சேர்ந்து மொத்தத்தைவிடக் குறைவாக இருந்தால், அதாவது சில குரங்குகள் கணக்கில் வராமல் போனால், கூட்டம் எவ்வளவாக இருக்கலாம்? எட்டில் ஒரு பங்கை 'ம' என்று வைத்துக்கொண்டால் ம² + 12 < 8ம. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் (ம − 2)(ம − 6) < 0. இரண்டு எண்களின் பெருக்கல் எதிர்மறையாக வர ஒரே வழிதான்: ஒன்று நேராகவும் ஒன்று எதிராகவும் இருக்க வேண்டும். ம 2-க்கு மேலும் 6-க்குக் கீழும் இருந்தால்தான் அது நடக்கும். ஆக 3, 4, 5. கூட்டம் 24, 32, 40. 32-ஐச் சரிபார்க்கலாம்: 16-ம் 12-ம் 28, நாலு குரங்கைக் காணோம். 56 என்று போட்டால் 49-ம் 12-ம் 61; இல்லாத குரங்கெல்லாம் வந்து நிற்கிறது. சமன்பாடு தந்த இரண்டு விடைகளும் இங்கே எல்லைக் கல்லாக நிற்கின்றன. அவற்றுக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

பாஸ்கரர் இன்னொரு குரங்குக் கணக்கும் போட்டார். கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, அதை வர்க்கப்படுத்தினால் குகைக்குள் போன குரங்குகள். ஒன்று மட்டும் மரக்கிளையில் தெரிகிறது. இதற்கும் 50, 5 என்று இரண்டு விடைகள் வருகின்றன. ஆனால் 5-ஐ அவர் ஏற்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து மூன்றைக் கழித்தால் கடன் எண் வருகிறது. குரங்குக் கூட்டத்தில் அதற்கு அர்த்தமில்லை என்று தள்ளிவிட்டார். ஐந்தில் ஒரு பங்கு மூன்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் குறி போட்டு எழுதவில்லை. எழுதக் குறியும் இல்லை. சமன் குறியை இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்டு 1557-ல் அச்சில் கொண்டுவந்தார். சிறிது, பெரிது குறிகள் தாமஸ் ஹாரியட்டின் நூலில், அவர் இறந்த பின் 1631-ல் வந்தன. 'சிறிது அல்லது சமம்' என்பதற்கு 1734-ல் பியர் பூகே ஒரு குறி செய்தார். நிபந்தனை நமக்கு முன்பே தெரிந்திருந்தது, குறி பின்னால் வந்தது.

இனி பிள்ளை. 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்தார். அடுத்த வருஷமே தாயார் போய்விட்டார். படித்தது செங்கோட்டை நடுநிலைப் பள்ளியில். அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் அது தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. மலையைக் குடைந்து செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயில் விட்டது 1904-ல், அவருக்கு மூன்று வயது. செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டது 1911 ஜூன் 17, அவருக்குப் பத்து வயது. தென்காசியில் இன்று தூரத்திலிருந்தே தெரிகிற காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் 1990-ல் எழும்பியது. பிள்ளை அதைப் பார்த்திருக்க முடியாது.

பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் தகப்பனாரும் இறந்தார். அத்தோடு படிப்பு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, ஏனென்றால் சாஸ்திரியார் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பையனின் மூளையைச் சிறு வயதிலேயே கண்டுகொண்டவர். தன் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சில காலம் பிள்ளையைப் படிக்க வைத்தார். பிற்காலத்தில் பிள்ளை தம் மாணவர்களிடம் இந்த வாத்தியாரைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருப்பாராம். ஆசிரியர் தினத்துக்கு எங்கெங்கோ இருந்து மேற்கோள் தேடுகிறோம். நம் செங்கோட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளி வாத்தியார் சம்பளத்தைப் பிரித்துக் கொடுத்து ஒரு கணித மேதையைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு கல்வி உதவித்தொகை கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. செங்கோட்டை, நாகர்கோவில், திருவனந்தபுரம் மூன்றும் அன்று ஒரே ராஜ்ஜியம். இருபத்தாறு வயதில், 1927-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். அங்கே கே. ஆனந்த ராவ், ஆர். வைத்தியநாதசுவாமி என்று இரண்டு பேராசிரியர்கள். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் படித்தவர். ராமானுஜன் அங்கிருந்த அதே காலத்தில் அங்கிருந்தவர். ராமானுஜன் இறந்து ஏழு வருஷந்தான் ஆகியிருந்தது. பிள்ளை அந்தச் சூட்டில் போய் உட்கார்ந்தார் என்று சொல்லலாம். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே வருஷம் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை இருந்தார். அவர் செய்த பெரிய வேலைகள் அநேகமாக எல்லாம் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்தவை.

அந்தப் பதினொரு பக்கக் கட்டுரைக்கு இப்போது போகலாம். எளிமைக்கு 2-ன் அடுக்குகளையும் 3-ன் அடுக்குகளையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 2, 4, 8, 16, 32, 64, 128, 256. இன்னொரு பக்கம் 3, 9, 27, 81, 243. முதல் வரிசையில் ஒன்றிலிருந்து இரண்டாம் வரிசையில் ஒன்றைக் கழித்து, விடை பூச்சியத்துக்கு மேலாகவும் 13-க்கு மிகாமலும் வரவேண்டும் என்றால்: 4−3, 8−3, 16−9, 16−3, 32−27, 256−243. ஆறு ஜோடிகள். எல்லையை 13-லிருந்து ஆயிரம், லட்சம், கோடி என்று உயர்த்திக்கொண்டே போனால் எண்ணிக்கை எப்படிக் கூடும்?

பிள்ளை சொன்ன விடையை வார்த்தையில் சொல்கிறேன். எல்லையின் மடக்கையை எடுத்து வர்க்கப்படுத்துங்கள், பாதியாக்குங்கள், அதை அந்த இரண்டு எண்களின் மடக்கைகளின் பெருக்கலால் வகுத்துவிடுங்கள். எல்லை பெரிதாகப் பெரிதாக உண்மையான எண்ணிக்கை இதை நெருங்கிவரும். வர்க்கமும் பாதியும் எங்கிருந்து வந்தன? வரைபடத்தாளில் முதல் எண்ணின் அடுக்கைக் கிடைமட்டத்திலும் இரண்டாவதன் அடுக்கைச் செங்குத்திலும் குறித்தால், எல்லைக்குள் வருகிற புள்ளிகள் பெரும்பாலும் ஒரு செங்கோண முக்கோணத்துக்குள் அடங்கிவிடும். முக்கோணத்தின் பரப்பு அடிப்பக்கம் பெருக்கல் உயரம், அதில் பாதி. ஒன்பதாம் வகுப்பு விஷயம்.

ஒன்பதாம் வகுப்போடு முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. 256-ம் 243-ம் போல இரண்டும் பெரிய எண்களாக இருந்தும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கிற ஜோடிகள் முக்கோணத்துக்கு வெளியே விழும். அவை ஏராளமாக இருந்தால் சூத்திரம் கெட்டுப்போகும். அப்படி அதிகம் இருக்க முடியாது என்று காட்டுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. வகுப்பில் எல்லைக் கல்லுக்கு உள்ளே, வெளியே என்று நாங்கள் பிரிப்பதற்கும் இதற்கும் வம்சம் ஒன்றுதான், தலைமுறைதான் வேறு.

இந்த முக்கோணத்தின் சொந்தக்காரர் ராமானுஜன். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்திலேயே, 2-ஐயும் 3-ஐயும் மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் பெருக்கிக் கிடைக்கிற எண்கள் குறித்த எல்லைக்குள் எத்தனை என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. எல்லையின் இருமடங்குக்கு மடக்கை, மும்மடங்குக்கு மடக்கை, இரண்டையும் பெருக்கி, 2, 3 இவற்றின் மடக்கைப் பெருக்கலைப் போல இருமடங்கால் வகுக்க வேண்டும். எல்லை 100 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன்: 19.84 வருகிறது. கையால் எண்ணினால் 1, 2, 3, 4, 6, 8, 9, 12 என்று போய் 96-ல் முடிகிறது, மொத்தம் 20. இவ்வளவு நெருக்கமாக வருவதைக் கண்டு எனக்கே ஒரு பயம் வந்தது. பிள்ளை இந்தச் சூத்திரத்தைப் பற்றிப் பின்னாளில் தனியாகவும் எழுதியிருக்கிறார்.

மேலே உள்ள ஆறு ஜோடிகளில் ஒரு வேடிக்கை உண்டு. 8−3-ம் 5, 32−27-ம் 5. 16−3-ம் 13, 256−243-ம் 13. திருப்பிக் கழித்தால் 3−2-ம் 1, 9−8-ம் 1. ஒரே வித்தியாசம் இரண்டு முறை வருவது இந்த மூன்று இடங்களில்தான், இதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் இல்லை என்று பிள்ளை ஊகித்தார். நிரூபிக்க அன்று கருவி கிடையாது. 1982-ல் ஸ்ட்ரூக்கர், டைட்மன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் நிரூபித்தார்கள். ஊகம் சரி.

இதைவிடப் பெரிய ஊகம் ஒன்றும் அவர் பெயரில் இருக்கிறது. வர்க்கம், கனம் என்று எல்லா அடுக்கு எண்களையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையிலான இடைவெளி, போகப் போக எந்த எல்லையையும் தாண்டி வளர்ந்துவிடும். எந்த ஒரு குறிப்பிட்ட வித்தியாசமும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது என்றார். வித்தியாசம் 1 என்பது 8, 9-ல் மட்டும்தான் என்று 2002-ல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். 25, 27-ல் வருகிற வித்தியாசம் 2-க்கு இன்றுவரை முடிவு கிடையாது.

பிள்ளையின் பெயர் நிலைத்தது வாரிங் கணக்கில். 1770-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வாரிங் நிரூபணம் ஏதும் தராமல் ஒரு வாக்கியம் எழுதினார்: எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம், பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம், இப்படியே மேலே மேலே. வர்க்கத்துக்கு நான்கு போதும் என்பதை அதே வருஷம் லாக்ராஞ்ச் நிரூபித்தார். கனத்துக்கு ஒன்பது என்பதற்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் ஓர் ஓட்டை இருந்து 1912-ல் அடைத்தார்கள். எந்த அடுக்குக்கும் ஒரு முடிவான எண்ணிக்கை போதும் என்பதை 1909-ல் ஹில்பர்ட் காட்டினார், எத்தனை என்று அவர் சொல்லவில்லை.

குறைந்தது எத்தனை வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஓர் அசமன்பாடு போதும், இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லலாம். ஆறாம் அடுக்கை எடுப்போம். 2⁶ என்பது 64. 3⁶ என்பது 729. 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25. இப்போது 703 என்ற எண்ணைப் பாருங்கள். பதினொரு 64-ல் ஒன்று குறைவு. 703 < 729 என்பதால் 3⁶ அதற்குள் போகாது. ஆகவே கையில் இருப்பவை 64-ம் 1-ம் மட்டும். பத்து 64 போட்டால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். ஆக 73. இதற்குக் குறைவாக முடியவே முடியாது. வர்க்கத்துக்கு இதே வழியில் 7 என்ற எண் நான்கைக் கேட்கிறது; கனத்துக்கு 23 ஒன்பதைக் கேட்கிறது; நான்காம் அடுக்குக்கு 79 பத்தொன்பதைக் கேட்கிறது. ஈவையும் இரண்டின் அடுக்கையும் கூட்டி இரண்டைக் கழிப்பதுதான் சூத்திரம். 1772 வாக்கில் மாமேதை ஆய்லரின் மகன் யோஹான் ஆல்பிரெக்ட் இதைக் கவனித்திருக்கிறார்.

73 வேண்டும் என்பது சுலபம். 73 போதும், உலகத்தில் எந்த எண்ணுக்கும் போதும் என்பதுதான் கஷ்டம். மிகப் பெரிய எண்களுக்கு ஹார்டி, லிட்டில்வுட், பிறகு ரஷ்யாவின் வினோகிராதோவ் கொண்டுவந்த வழிமுறைகள் இருந்தன. அந்த 'மிகப் பெரிய' எண்களுக்குக் கீழே இருப்பவற்றை ஒவ்வொரு படியாக ஏறிப் பிடிக்க வேண்டும். கணிப்பொறி கிடையாது. சிதம்பரத்தில் ஒரு மேசை, காகிதம், பேனா. 1930-களின் நடுவில் ஏழாம் அடுக்கிலிருந்து மேலே உள்ளவற்றைச் சிதம்பரத்தில் பிள்ளையும் சிகாகோவில் டிக்ஸனும் ஒருவரையொருவர் சாராமல் தீர்த்தார்கள். டிக்ஸன் உலகறிந்த பேராசிரியர், அமெரிக்க இதழில் எழுதினார். பிள்ளை எழுதியது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில். அதை வெளிநாட்டில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கும். நான்கு, ஐந்து, ஆறாம் அடுக்குகள் மிச்சம் நின்றன. 1940-ல் பிள்ளை ஆறாம் அடுக்கையும் முடித்தார்: 73. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீனாவின் சென் ஜிங்ருன் 1964-ல் காட்டினார். வாரிங் தம் வாயாலேயே சொன்ன 19 கடைசியாக 1986-ல்தான் வந்தது. நிரூபித்த மூவரில் ஒருவர் நம் ஆர். பாலசுப்பிரமணியன்.

பிள்ளை, டிக்ஸன் இருவருடைய தீர்ப்பிலும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஓர் அசமன்பாடு: மீதியும் ஈவும் சேர்ந்து இரண்டின் அடுக்கைத் தாண்டக் கூடாது. ஆறாம் அடுக்கில் 25-ம் 11-ம் 36, 64-க்கு உள்ளே. தாராளமாகப் பொருந்துகிறது. அடுக்கு உயர உயர, தவறுவதற்கான இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. இருபதாம் அடுக்கிலேயே ஆயிரத்தில் மூன்று பங்குதான். தவறுகிற அடுக்குகள் இருந்தாலும் அவை எண்ணி முடிக்கக் கூடியவைதான் என்று 1957-ல் மாலர் நிரூபித்தார். 47 கோடியே 16 லட்சம் வரை எல்லா அடுக்குக்கும் இது சரியாக இருப்பதை 1990-ல் கணிப்பொறியில் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் எல்லா அடுக்குக்கும் சரி என்று நிரூபித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. பார்த்தால் பிளஸ் ஒன் வினாத்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம் போல இருக்கிறது.

என் வகுப்பில் நான் அதிகம் சொன்னது வாரிங் கணக்கு அல்ல, இன்னொன்று. அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்தால், மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அவற்றில் இருக்குமா? பதினாறு எண்கள் வரை கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழில் உடைகிறது. 2184-லிருந்து 2200 வரை எடுத்துக்கொள்ளுங்கள். 2189-ஐப் பார்த்தால் தனியாள் போலத் தெரியும். அது 11 பெருக்கல் 199, 2200-ம் 11-ஆல் வகுபடும். 2197 என்பது 13-ன் கனம். 2184-ம் 13-ஆல் வகுபடும். 2191-ல் 7 இருக்கிறது; 2184-லும் 7. பதினேழில் ஒருவருக்கும் தனிக்குடித்தனம் இல்லை. 17 முதல் 430 வரை எல்லா நீளத்துக்கும் இப்படி உடையும் என்று பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் அப்படித்தான் என்று பிரவர் 1941-ல் முடித்தார். கரும்பலகையில் பதினேழு எண்ணையும் எழுதி, "ஆளுக்கு ஒன்று எடுத்துக் காரணி கண்டுபிடி" என்றால் ஐந்தருவியை மறந்துவிடுவார்கள். சோதித்தது.

1941-ல் சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த வருஷமே கல்கத்தா. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி அங்கே கணிதத் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த எஃப். டபிள்யூ. லெவி அழைத்தார். 1950-ல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருஷம் தங்கி ஆராய அழைப்பு வந்தது. அத்தோடு ஹார்வர்டில் ஆகஸ்ட் 30-ல் தொடங்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி அவர். பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் போகும் விமானம். ஆகஸ்ட் 31, கெய்ரோவிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தில் தீப்பிடித்து எகிப்திலேயே விழுந்தது. இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எகிப்தின் பிரபல நடிகை காமிலியாவும் அதில் இருந்தார். பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய வாரிங் வேலையை, ராமானுஜனுக்குப் பிறகு இந்தியக் கணிதம் கண்ட மிகச் சிறந்த சாதனைகளில் ஒன்று என்று கணிதவியலாளர் கே. சந்திரசேகரன் மதிப்பிட்டு எழுதினார்.

அவருடைய கட்டுரைகள் அனைத்தையும் தொகுத்து, ராமானுஜன் கணிதச் சங்கம் 2010-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பதிப்பித்தவர்கள் தங்கதுரையும், முன்பு சொன்ன பாலசுப்பிரமணியனும்.

குற்றாலம் என்றால் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர், ரசிகமணி டி.கே.சி. என்று நமக்குச் சரளமாக வருகிறது. வரவேண்டியதுதான், அவர்கள் பெரியவர்கள். அந்தப் பட்டியலில் வல்லத்துப் பிள்ளைக்கு இடம் கொடுக்காதது நம் குறை என்பதே என் தீர்ப்பு. தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. இந்த மாவட்டத்தில் கணக்கு நடத்துகிறவர்கள் அசமன்பாட்டுப் பாடத்தைத் தொடங்குகிற அன்றைக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கி, பிள்ளையின் பெயரையும் சாஸ்திரியார் பெயரையும் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

கணக்கு மறந்துபோன மற்றவர்களுக்கு ஏழாம் அடுக்கைப் போட்டுக் காட்டுகிறேன்: 3⁷ என்பது 2187, 2⁷ என்பது 128. வகுத்தால் ஈவு 17, மீதி 11. இரண்டும் சேர்ந்து 28, 128-க்கு உள்ளே, நிபந்தனை சரி. 128-ம் 17-ம் 145, இரண்டைக் கழித்தால் 143. எட்டாம் அடுக்கை நீங்கள் போடுங்கள். 3⁸ என்பது 6561, 2⁸ என்பது 256. நிபந்தனையைப் பார்க்க மறக்காதீர்கள். விடை 279 வரவேண்டும்.